ரசத்தின் மேல் உறைந்த வெள்ளை

மதிய இடைவேளை. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். சட்டைப் பைக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது. மகள் அபிரா ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

ஒரு கண்ணாடிப் பாத்திரம். அதன் நீல மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே, முதல் நாள் நான் கொடுத்துவிட்ட ரசம். ரசத்தின் மேல் ஓரத்திலிருந்து ஓரம் வரை வெள்ளையாக ஒரு படலம், மெழுகை ஊற்றி ஆறவிட்டதுபோல. நடுவில் கரண்டி நுனியால் குத்திப் பார்த்த இடம் மட்டும் வெடித்திருந்தது. வெடிப்புக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் தெரிந்தது.

படத்தின் கீழே ஒரே வரி. "அப்பா, இது என்ன?"

நான் வேலை செய்வது பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில். ஊரில் இரசாயனம் படித்தவன். எது எந்தக் குளிரில் தடிக்கும், எது உறையும் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வெள்ளை என்னவென்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆட்டுக் கொழுப்பு.

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். பின்னால் நின்றவர் முன்னுக்குப் போகச் சொல்லித் தோளில் தட்டினார். அவசரத்தில் ஒன்றை எழுதி அனுப்பினேன்: "தேங்காயெண்ணெய்."

பத்து நிமிடம் கழித்து மனைவி சாந்தி அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, ரசத்துக்குத் தேங்காயெண்ணெய் விட்டனீங்களே?"

"ஆர் சொன்னது?"

"அபிரா இப்ப எடுத்துக் கேட்டவள். ரசத்துக்கு ஆர் பிள்ளை தேங்காயெண்ணெய் விடுறது எண்டு நான் சிரிச்சனான். அவள் சிரிக்கேல்லை. டக்கெண்டு வைச்சிட்டாள்." பிறகு, "என்னப்பா செய்தனீங்கள்?"

அன்றைக்கு என் சாப்பாடு மைக்ரோவேவுக்குள் போகவில்லை.

இதை எழுதலாமா என்று பல வாரங்களாக யோசித்தேன். இந்தத் தொடரில் இதுவரை கனடா வந்து சேர்ந்த கதை, பனியில் விழுந்த கதை, முதல் வேலைக் கதை என்று எனக்கு வசதியானவற்றையே எழுதி வந்திருக்கிறேன். இது வசதியானதல்ல. மகளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ. ஆனா உங்களை நல்ல ஆளாக் காட்டாதேங்கோ" என்றாள்.

முயல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் வெள்ளிக்கிழமை

பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில் அபிரா வீகன் ஆனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேசையில் மீன் குழம்பு ஆவி பறக்க இருந்தபோது சொன்னாள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. தேன்கூட இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தி முடித்துவிட்டாள். "சரி, ஒவ்வொரு நாளும் வெள்ளிக்கிழமை எண்டு நினைப்பம்."

எங்கள் வீடுகளில் அது புதிதல்ல. வெள்ளிக்கிழமை சைவம். கந்தசட்டி என்றால் ஆறு நாளும் சைவம். இறைச்சி, மீன் சமைக்கும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. ஒன்றுக்குள் போன அகப்பை மற்றதற்குள் போகாது. கனடா வந்தும் சாந்தி அதை விடவில்லை. அலுமாரியின் மேல் தட்டு சைவம், கீழ்த் தட்டு மச்சம். ஆகவே அபிராவுக்கென்று ஒரு சட்டி ஒதுக்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. சிவப்புப் பிடி போட்ட ஒரு சட்டியை வாங்கி, மேல் தட்டுக்கும் மேலே வைத்தாள்.

பிரச்சினை பாலில் வந்தது. நெய், தயிர், பால் தேத்தண்ணி எல்லாம் எங்களுக்குச் சுத்த சைவம். அவளுக்கு இல்லை. ஒருநாள் மோர்மிளகாய் பொரித்துக் கொடுத்த சாந்தியிடம், "அம்மா, இதிலை மோர் இருக்கு" என்றாள்.

"எங்கை மோர்? அது எப்பவோ வெயிலிலை காய்ஞ்சு போச்சு."

"காய்ஞ்சாலும் அது மோர்தான் அம்மா."

"மிளகாயைக் கேட்டுப் பார், அதுக்கே ஞாபகமிருக்காது."

சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அவளும் எப்போதும் இனிமையாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை உறைபெட்டியைத் திறந்தவள், உள்ளே நான் அடுக்கி வைத்திருந்த பொதிகளைப் பார்த்து, "அப்பா, இது பிரிட்ஜா, பிணவறையா?" என்று கேட்டாள். ஊரில் சண்டைக் காலத்தில் அப்படியான அறைகளுக்குள் ஆள் தேடிப் போய் வந்தவன் நான். அது அவளுக்குத் தெரியாது. நான் எழும்பிப் போய்விட்டேன். பின்னேரம் குறுஞ்செய்தி வந்தது: "சொறி அப்பா. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது." வாயால் சொல்ல வெட்கமென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் குறுஞ்செய்திதான் அனுப்புவோம்.

காரணம் தேடி என் மூளையைக் கசக்கினேன். எட்டு வயதில் அவளை ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப் போனேனே, அதுவா? அங்கே ஒரு ஆடு அவளுடைய மழைச்சட்டையின் கயிற்றைச் சப்பியதே, அது மனதில் நின்றுவிட்டதா? கேட்டேன்.

"இல்லை அப்பா. யோசிச்சன், சரியாப் படேல்லை, விட்டிட்டன். எல்லாத்துக்கும் ஒரு கதை வேணுமா?"

தொடர் எழுதுகிறவனுக்கு இது நல்ல அடி.

பங்கு இறைச்சி

பண்ணையைச் சொன்னதால் பாலா அண்ணையையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் நான் முதலில் தங்கியது அவருடைய பேஸ்மென்றில். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்கள் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஆடு எடுத்துப் பங்கு போடுவோம். ஊரில் செய்ததைப் போலத்தான். அங்கே பனையோலை விரித்தோம், இங்கே பாலா அண்ணையின் கராஜில் நீலப் பிளாஸ்ரிக் விரிப்பு.

ஒவ்வொரு பங்கிலும் எல்லாம் இருக்கவேண்டும். தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு. ஐந்து குவியல் வைத்த பிறகு ஒரு பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொல்வோம். ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். பிள்ளை பார்க்காமல் ஒரு பெயர் சொல்லும். அதன் பிறகு யாரும் முறைப்பட முடியாது. பல வருடம் அந்தப் பிள்ளை அபிராதான். முதுகைக் காட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரிப் பெயர் சொல்வாள்.

அவள் வீகன் ஆன பிறகு வந்த தீபாவளி. பாலா அண்ணை வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தோம். அபிரா கொண்டுவந்த கடலையைத் தட்டில் போட்டாள்.

"பிள்ளை," என்று பாலா அண்ணை தொடங்கினார். "ஆட்டிலை இரக்கம் எண்டுறாய். ஆனால் நீ ஆட்டின்ரை சாப்பாட்டையெல்லோ பறிச்சுச் சாப்பிடுறாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அபிரா விடவில்லை. "ஆட்டிட்டைக் கேட்டனான் அங்கிள். எனக்குத் தாறதுக்கு ஓகேயாம். உங்களோடைதான் அதுக்குப் பிரச்சினையாம்."

இன்னும் பெரிய சிரிப்பு. பாலா அண்ணையின் மனைவி, "அப்ப கீரைக்கு மட்டும் உயிர் இல்லையே பிள்ளை?" என்றார்.

"அன்ரி, பிடுங்க வரேக்கை கீரை கத்திக்கொண்டு ஓடுறதில்லை."

"மரக்கறி விக்கிற கடைக்காரன்தான் கத்துறவன்," என்றார் யாரோ.

இவ்வளவும் நல்லாகத்தான் போனது. பிறகு பாலா அண்ணையின் குரல் மாறியது. தோற்கிறோம் என்று தோன்றும்போது வரும் குரல். "உந்தப் பிள்ளையளுக்குப் பசி தெரியாது. சண்டையிலை பங்கருக்குள்ளை அவிச்ச இலையும் கஞ்சித் தண்ணியுமாய்க் கிடந்த எங்களுக்குத்தான் ஒரு துண்டு இறைச்சியின்ரை அருமை தெரியும்."

அபிரா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "அவர் பசியைச் சொன்னா நான் என்ன சொல்லலாம் அப்பா? எப்பவும் அதோடை கதை முடிஞ்சிடும்." சிறிது தூரம் போன பிறகு, "நீங்களும் சிரிச்சனீங்கள்."

வீகன்காரரும் இறைச்சி சாப்பிடுகிறவர்களும் இணையத்தில் சண்டை பிடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொலைகாரர் என்கிறார்கள் ஒரு பக்கம். பைத்தியங்கள் என்கிறார்கள் மறுபக்கம். எங்கள் ஆட்களிடம் மூன்றாவதாக ஓர் ஆயுதம் இருக்கிறது. எங்கள் பசி. அதை வெளியே எடுத்தால் எங்கள் பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது மரியாதையால் வரும் மௌனம். நாங்கள் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறோம்.

மூன்று தையல்

அடுத்த பங்குனியில், பரீட்சைக் காலத்தில், வேலையில் இருந்தபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நேஹா. படிப்புக்காக ஒஷாவாவில் அபிராவோடு அறை எடுத்திருக்கும் பிள்ளை. பெற்றோர் ரெக்ஸ்டேலில் இருக்கிறார்கள், குஜராத்திக் குடும்பம்.

"அங்கிள், பயப்படாதேங்கோ" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரால்தான் பயப்படாமல் இருக்க முடியும்?

நூலகப் படிகளில் அபிரா மயங்கி விழுந்திருந்தாள். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் எப்படிக் கார் ஓடிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் இருந்த விதம் நினைவிருக்கிறது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். உதட்டில் நிறமே இல்லை. என்னைக் கண்டதும், "அப்பா, கார் பார்க்கிங்குக்குக் காசு கட்டினீங்களா?" என்று கேட்டாள்.

அந்த முகம் எனக்குள்ளிருந்து இன்னும் போகவில்லை.

வைத்தியர் ஓர் இளம் பெண். நிதானமாகச் சொன்னார். இரும்புச் சத்துக் குறைந்திருக்கிறது, மாத்திரை தருகிறேன். பரீட்சைக்காக இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை. வீகனாக இருப்பதில் பிழை இல்லை, பருப்பு, கடலை, கீரை நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும்.

இவ்வளவும் அவர் சொன்னது. நான் கேட்டது இரண்டே சொல். இரும்பு. குறைவு.

பின்னேரம் பாலா அண்ணைக்குச் சொன்னேன். "ஆட்டெலும்பு ரசம் ரெண்டு நாள் குடுடாப்பா. பிள்ளை எழும்பி ஓடும்" என்றார். அவர் மேல் பழி போடவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் யோசித்திருப்பேன். எங்கள் வீடுகளில் காய்ச்சல் விட்டவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் அதுதான். நெஞ்செலும்பைத் தட்டிப் போட்டு, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, புளி விட்டு, மூக்கில் வியர்வை வரக் குடிப்பது.

சாந்தியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாமப்பா," என்றாள். "மருந்து இருக்கு. அது வேலை செய்யும்."

"உன்ரை பிள்ளையின்ரை உதட்டைப் பாத்தனியே?"

"பாத்தனான். அதுக்காக?"

அவள் வேலைக்குப் போகும் நாளுக்குக் காத்திருந்தேன்.

"மிளகு கொஞ்சம் கூட"

அபிரா ஒரு வாரம் வீட்டில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சாந்தி முதியோர் இல்லத்து வேலைக்குப் போனதும், கராஜுக்குள் காஸ் அடுப்பை மூட்டி எலும்பை அவித்தேன். பெரிய கறிகளை அங்கேதான் சமைப்பது வழக்கம், வீட்டுக்குள் மணம் ஏறாது. மேலே மிதந்த கொழுப்பை அகப்பையால் எடுத்தேன். தேத்தண்ணி வடியால் இரண்டு தரம் வடித்தேன். பிறகு அந்தத் தண்ணீரை உள்ளே கொண்டு போய், சிவப்புப் பிடிச் சட்டியில் ஊற்றி, அவளுடைய சட்டியில், ரசம் வைத்தேன்.

எந்தச் சட்டி என்று நான் யோசிக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் நல்ல ஆளாகக் காட்டக்கூடாது என்பது ஒப்பந்தம். யோசித்தேன். வேறு சட்டியில் வைத்தால் அவள் கேட்பாள்.

போர்வையைப் போர்த்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். ஒரு கோப்பை குடித்தாள். இரண்டாவது கோப்பை கேட்டாள். கன்னத்தில் சிவப்பு ஏறியது. ஏறியதுபோல எனக்குத் தெரிந்தது.

"அப்பா, திஸ் இஸ் சோ குட். என்ன போட்டனீங்கள்?"

"மிளகு கொஞ்சம் கூட."

"இனி எப்பவும் இப்பிடியே வையுங்கோ."

மிச்சத்தை நீல மூடிப் பாத்திரத்தில் விட்டு, பின்னேரம் ஒஷாவாவில் அவளை இறக்கியபோது கையில் கொடுத்தேன். சூட்டில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு இரவு குளிரில் இருந்தால் அது மேலே வந்து உறையும். இருபது வருடமாகத் தொழிற்சாலையில் இதையே செய்கிறவன், அன்று மறந்துபோனேன்.

இன்னொன்றையும் பிறகுதான் தேடி வாசித்தேன். எலும்பு ரசத்தில் இரும்புச் சத்து சொல்லும்படியாக இல்லையாம். வைத்தியர் தந்த மாத்திரைதான் அவளை எழுப்பியது.

அறுத்த கயிறு

இங்கே ஒரு பழைய விடயம் குறுக்கே வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்த நாள் மழை. ஒழுங்கையும் தெருவும் முழுக்கச் சனம். சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டிவிட்டு நான் அவசரப்படுத்திக்கொண்டு நிற்க, அம்மா ஆட்டுக் கொட்டிலுக்குள் போனா. இருந்த தவிடு முழுவதையும் ஆட்டுக்கு முன்னால் கொட்டினா. கயிற்றை அவிழ்க்காமல், கழுத்தோடு கத்தியால் அறுத்தா. கயிறு கிடந்தால் எங்காவது வேலியில் சிக்கிக்கொள்ளுமாம். நான் கத்தினேன். ஒரு ஆட்டுக்காக மினக்கெடுகிறாவே என்று.

அந்த ஆட்டை நாங்கள் இறைச்சிக்கு விற்கத்தான் வளர்த்தோம்.

இந்தக் கதையை அபிராவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் பக்கத்துக்கு எடுப்பாள். பாலா அண்ணைக்குச் சொன்னால் அவர் தன் பக்கத்துக்கு எடுப்பார். அம்மா எந்தப் பக்கமும் நிற்கவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு வந்து சைக்கிளைத் தள்ளினா.

"எனக்கு?"

இரண்டு வாரம் அபிரா என்னுடைய அழைப்பை எடுக்கவில்லை. சாந்தியோடு மட்டும் பேசினாள். சாந்தி என்னோடு அளவாகப் பேசினாள். பிள்ளை சாப்பிடுகிறாளா, மாத்திரை எடுக்கிறாளா, மறுபடி எங்காவது படியில் விழுந்து கிடக்கிறாளா? வேலையில் ஒவ்வொரு முறை தொலைபேசி அதிரும்போதும் யாருடைய இலக்கம் என்று உடனே எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஒஷாவாவுக்குப் போனேன். காரில் ஒரு பை. பருப்பு, கொண்டைக்கடலை, சோயா பால், வேர்க்கடலை வெண்ணெய். எல்லாம் முத்திரை உடைக்காத பொதிகள். நான் திறந்த எதையும் அவள் நம்ப மாட்டாள் என்று கடைக்குள் நின்றபோது தோன்றியது. அந்த யோசனையோடு வண்டிலைத் தள்ளிக்கொண்டு காசாளரிடம் போனது என் வாழ்க்கையில் நான் நடந்த நீளமான தூரங்களில் ஒன்று.

வாசலில் நின்று குறுஞ்செய்தி அனுப்பினேன். வந்தாள். காருக்குள் ஏறி இருந்தாள். தையல் பிரித்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"நீங்க இறைச்சி தந்தது கூடப் பெரிசில்லை அப்பா," என்றாள். "நான் கேட்டனான். என்ன போட்டனீங்கள் எண்டு கேட்டனான். மிளகு எண்டு சொன்னனீங்கள். பிறகும் கேட்டனான். தேங்காயெண்ணெய் எண்டு சொன்னனீங்கள்."

"பயந்து போனன் குஞ்சு."

"தெரியும். அதாலைதான் கத்தேலாமல் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "அண்டிரவு நேஹாவுக்கும் குடுத்தனான்."

"என்ன?"

"என்ரை அப்பாவின்ரை ரசம், வீகன் எண்டு சொல்லிக் குடுத்தனான். பெருமையாய்."

பரம்பரை பரம்பரையாக முட்டைகூடத் தொடாத குடும்பத்துப் பிள்ளை. என் மகள் விழுந்தபோது தூக்கிய பிள்ளை. "ஐயோ, என்ன பாவம் செய்திட்டன். அந்தப் பிள்ளைக்கு எப்பிடி இதைச் செய்தனான். அவையின்ரை வீட்டிலை தெரிஞ்சா..." தலையில் கைவைத்து ஏதேதோ புலம்பினேன்.

அபிரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் ஒரே சொல் கேட்டாள்.

"எனக்கு?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

நான் அந்தத் தெருவில் கனநேரம் காரை எடுக்காமல் இருந்தேன். ஒரே சட்டி, ஒரே ரசம், குடித்தது இரண்டு பிள்ளைகள். ஒருத்திக்குக் கொடுத்தது பாவம் என்று நெஞ்சு பதறுகிறது. மற்றவளுக்குக் கொடுத்ததை மருந்து என்று நினைத்தேன். ஏன்? நேஹா பிறப்பிலேயே சைவம், ஆகவே அது அவளுடைய ஆசாரம். என் மகள் தானாக யோசித்து எடுத்த முடிவு, ஆகவே அது பிடிவாதம், வயதுக் கோளாறு, காய்ச்சல் மாதிரி மாறிவிடும் ஒன்று. தாத்தா பூட்டன் விட்டுப்போன விரதத்துக்குக் கொடுக்கும் மரியாதையை, என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளையின் யோசனைக்கு நான் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் போய் நேஹாவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இற்ஸ் ஓகே அங்கிள்" என்றாள். அது ஓகே இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

கராஜ்

அபிரா வீட்டுக்கு வராமல் விடவில்லை. கோடை முழுக்க வந்து போனாள். கதைத்தாள், என்னுடைய தொலைபேசியைத் திருத்தித் தந்தாள். ஆனால் நான் அகப்பையோடு கிட்டப் போனால் கையால் தட்டை மூடுவாள். "வேண்டாம் அப்பா, நான் கொண்டந்தனான்." கோபமில்லாமல், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதைப்போல மரியாதையாகச் சொல்வாள். சிவப்புப் பிடிச் சட்டி போய்விட்டது. அவளே புதிதாக ஒன்று வாங்கி, கழுவி, துடைத்து, தன் பழைய அறைக்குள் வைத்திருந்தாள். இரத்தப் பரிசோதனை நல்லாக வந்தது. என் பயத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. தட்டுக்கு மேல் இருந்த அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தது.

தீபாவளி வந்தது. வழக்கம்போலப் பண்ணைக்குப் போனேன். இறைச்சியை நான் விடவில்லை. விட்டிருந்தால் இந்த அத்தியாயம் அழகாக முடிந்திருக்கும். பாலா அண்ணை, "உன்ரை சங்கதி எல்லாம் கேள்விப்பட்டன். நானும் வாயைக் குடுத்திட்டன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் நான் வேறொரு வேலை செய்திருந்தேன். கடையிலிருந்து புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து ரசம் வைத்தேன். எண்ணெயே விடாமல், மல்லி, மிளகு, சீரகத்தை வெறும் சட்டியில் வறுத்து இடித்து. ஆறியதும் கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைத்தேன். காலையில் எழும்பியதும் முதல் வேலையாகத் திறந்து பார்த்தேன்.

தீபாவளி மத்தியானம், கராஜ் கதவைப் பாதி திறந்துவிட்டு, காஸ் அடுப்பில் ஆட்டுக்கறி கிண்டிக்கொண்டு நின்றேன். வெளியே குளிர் காற்று, சுவரோரம் பனிக்காலத்துக் கார் ரயர்கள். அபிரா உள்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எத்தினை மணிக்குச் சாப்பாடு எண்டு கேக்கச் சொன்னா."

"ஒருக்கா வா பிள்ளை."

மணத்துக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாகப் போய் ரயர் அடுக்கின் மேல் இருந்தாள். மேசையில் துணியால் மூடி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து நீட்டினேன்.

"என்னது?"

"ரசம். நேற்று வைச்சது. இரவு முழுக்கப் பிரிட்ஜிலை இருந்தது. பார்."

வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை. கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அடியில் மல்லித்தூள் படிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீர். சரித்தாள். ஓரத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. இந்தப் பக்கம் சரித்தாள், அந்தப் பக்கம் சரித்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"அப்பா," என்றாள், "நீங்க எனக்கு லாப் ரிப்போர்ட் தாறீங்களா?"

"ஓம்."

சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. நான் அகப்பையைக் கீழே வைத்தேன்.

"நேஹாட்டை மன்னிப்புக் கேட்டனான். உன்னட்டைக் கேக்கேல்லை. பயந்தது உண்மை. ஆனால் பயத்திலை செய்தது எண்டு சொல்லித் தப்பேலாது. நீ யோசிச்சு எடுத்த முடிவை நான் ஒரு முடிவாயே எடுக்கேல்லை. அதுதான் பிழை. மன்னிச்சுக்கொள் குஞ்சு."

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் வெளியே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். பெருவிரலால் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள். புருவத்துக்கு மேலிருந்த கோடு இப்போது தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. தெரிந்த ஆளுக்குத் தெரியும்.

"கறி அடிப்பிடிக்குது அப்பா."

ஓடிப்போய்க் கிண்டினேன். அடுப்பைக் குறைத்தேன். திரும்பியபோது அவள் எழும்பி நின்றாள். பாத்திரத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சூடாக்கித் தாங்கோ."

நான் அதை வாங்கக் கையை நீட்டினேன். டக்கென்று பின்னுக்கு இழுத்தாள்.

"என்ரை சட்டியிலை. மேலை என்ரை அறைக்குள்ளை இருக்கு." என் கையைப் பார்த்தாள். "கையைக் கழுவிப்போட்டு."

அடுப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சவர்க்காரம் போட்டு, முழங்கை வரை, இரண்டு தரம் கழுவினேன்.